பனிக்காலத்தில் பின்வளவில் போறணை கட்டலாமா? எல்லாரும் கேட்கும் கேள்விகள்

கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு விறகுப் போறணை இருக்கிறது. ஒக்டோபரில் தொடங்கி, பனி கொட்டக் கொட்டக் கட்டி, பெப்ரவரியில் முதல் நெருப்பு மூட்டினேன். அன்று தொடக்கம் பிறந்தநாள் வீடு, கோயில் திருவிழா, செத்தவீடு எங்கே போனாலும் யாராவது ஒருவர் என்னை ஒரு மூலைக்குக் கூட்டிப்போய் இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். தொலைபேசியில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதால், கேட்டவர்கள் கேட்டமாதிரியே கேள்விகளைப் போட்டு எழுதிவிட்டேன். நான் மேசன் இல்லை. ஒரு போறணை கட்டினவன், அதிலும் ஒரு பகுதியை இரண்டு தடவை கட்டினவன்.

போறணை எண்டா பீட்சா அடுப்புத்தானே?

இரண்டும் ஒன்றுதான். செங்கல்லால் கட்டிய குமிழ், முன்பக்கம் ஒரு வாய். உள்ளேயே விறகை எரித்து, கல்லில் சூட்டை ஏற்றி, அந்தச் சூட்டில் சுடுவது. போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல் இது. பாணும் அவர்கள் விட்டுப்போனதுதான். ஊரில் பேக்கரிக்குப் பின்னால் விடியப்புறம் போய் நின்றவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை: தணலை வழித்தெடுத்து, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்து, நீளப் பிடித் தட்டால் பாணைத் தள்ளுவார்கள். இத்தாலிக்காரர் கட்டுவதும் அதே தத்துவம்தான். அவர்களுடையது சின்னது, வட்டமானது. பேக்கரிப் போறணை பெரியது, கூரை பதிவானது.

உங்களுக்கென்ன விசரோ, ஆரும் குளிருக்கை கட்டுவினமோ?

மனைவி கேட்ட கேள்வி. கோடையில் கட்டியிருக்க வேண்டியது என்பது உண்மை. கோடையில் கல் வர ஆறு கிழமை பிந்தியது, பிறகு ஊர்ப் பயணம், பிறகு மழை. ஒக்டோபர் வந்துவிட்டது. அத்திவாரக் கொங்கிறீட்டை மட்டும் போட்டுவிட்டு ஏப்ரல் வரை பொறுத்திருந்தால் இந்தப் பக்கத்தில் பாதிக் கேள்விக்கு வேலையே இருந்திராது. உங்களால் பொறுக்க முடிந்தால் பொறுங்கள்.

ஐயா, ஸ்னோ கொட்டேக்க சீமெந்து இறுகுமோ இறுகாதோ?

சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்து நடக்கிற ஒரு இரசாயன வேலையால்தான் இறுகுகிறது. குளிர் கூடக் கூட அந்த வேலை மந்தமாகும். 5 பாகை செல்சியசுக்குக் கீழே ஆமை வேகம். அதுகூடப் பரவாயில்லை, நாள் கூடுதலாக எடுக்கும், அவ்வளவுதான். ஆபத்து உறைவதில் இருக்கிறது. தண்ணீர் ஐஸ் ஆகும்போது 9 வீதம் அளவில் பருக்கும். சாந்து இன்னும் பிடிக்காத நிலையில் உள்ளே இருக்கும் தண்ணீர் பருத்தால், அப்போதுதான் கைகோத்த துணிக்கைகளைப் பிரித்து எறிந்துவிடும். பிறகு வெயில் வந்து உருகினாலும் அந்தப் பிடிப்புத் திரும்பாது.

நான் பட்டதைச் சொல்கிறேன். நவம்பர் கடைசிச் சனி, குமிழில் நாலாம் ஐந்தாம் வரிகளை வைத்தேன். பகல் 6 பாகை, நல்ல வெயில். இரவு 1 பாகைக்குக் கீழே போகாது என்று வானிலையில் சொன்னார்கள். ஒரு தறப்பாளை மேலே போட்டுவிட்டுப் படுத்தேன். இரவு மைனஸ் 6. காலையில் பார்க்க எல்லாம் அழகாக, கல்லுமாதிரி இறுகிக் கிடந்தது. அது ஐஸின் இறுக்கம் என்று எனக்கு விளங்கவில்லை. மத்தியானம் வெயில் பட்டதும் நகத்தால் ஒரு மூட்டைச் சுரண்டினேன். அவிக்காத புட்டு மா மாதிரி உதிர்ந்தது. கல்லைக் கையால் தூக்க, அது நோகாமல் கழன்று வந்தது. அடிப்பக்கத்தில் சாந்தின் மேல் ஊசி ஊசியாக ஐஸ் பதிந்த தடம். 38 கல்லையும் கழற்றி, கம்பித் தூரிகையால் உரஞ்சி, திரும்ப வைத்தேன்.

அப்ப எத்தினை பாகைக்குக் கீழை வேலையை நிப்பாட்டோணும்?

வட அமெரிக்கக் கட்டட விதிகளில் ஏறக்குறைய 4 பாகைக்குக் கீழே போனாலே குளிர்கால வேலை என்று கணக்கு. அதற்குப் பிறகு செய்யக்கூடாது என்றில்லை, பாதுகாப்புச் செய்துவிட்டுச் செய் என்பதுதான் பொருள். வீட்டில் செய்கிற எங்களுக்கு என் விதி இன்னும் இறுக்கமானது: சாந்து வைக்கும் நேரம் மட்டுமல்ல, அதற்குப் பிறகு வரும் இரண்டு இரவும் 5 பாகைக்கு மேலே இருக்கும் என்றால் மட்டும் கரண்டியைத் தொடு. மேலே இருக்காது என்றால், இருக்கும்படி செய்; அதற்குத்தான் கூடாரம், கீழே சொல்கிறேன்.

காற்றின் வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள். இரவு முழுக்க வெளியே கிடந்த கல் மத்தியானமும் மைனஸிலேயே இருக்கும். அதன்மேல் இளஞ்சூட்டுச் சாந்தை வைத்தால் தொட்ட இடத்திலேயே உறையும். முதல்நாளே கல்லை வீட்டு நிலவறைக்குள் கொண்டுபோய் வையுங்கள். மணலும் அப்படித்தான். வெளியே குவித்த மணலுக்குள் ஐஸ் கட்டிகள் ஒளிந்திருக்கும், கலவைக்குள் போய் உருகித் தண்ணீர்க் கணக்கைக் குழப்பும்.

பனிக்காலத்தில அப்ப என்னதான் செய்யலாம்? சும்மா இருக்கிறதோ?

தண்ணீர் தேவைப்படாத வேலை எல்லாம் செய்யலாம். அது நினைப்பதைவிடக் கனக்க இருக்கிறது. கராஜுக்குள் ஒட்டுப்பலகையில் முழு அளவில் வட்டம் கீறி, தளக்கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கிப் பார்க்கலாம். வாசல் வளைவுக்கு மரச் சட்டம் செய்யலாம். கதவு செய்யலாம். குமிழுக்குப் பாதிக் கல்லாக வெட்ட வேண்டியவற்றை வெட்டி, வரிவரியாக இலக்கம் போட்டு வைக்கலாம். தளக்கல்லைப் பொதுவாகச் சாந்து போட்டு ஒட்டுவதே இல்லை, நெருக்கி அடுக்குவதுதான். ஆகவே அதையும் தறப்பாளுக்குக் கீழே குளிரிலேயே முடிக்கலாம்.

கல் வெட்டும்போது ஒன்று. தண்ணீர் ஊற்றி வெட்டும் இயந்திரம் வெளியே உறைந்து பம்ப் வெடிக்கும் (பக்கத்து வீட்டு நண்பருடையதை நான் அப்படித்தான் கெடுத்தேன்). அதற்காகக் கராஜை மூடிவைத்துக்கொண்டு உலர்வாக வெட்டாதீர்கள். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. கதவைத் திறந்து, நல்ல முகமூடி போட்டு, குளிரைத் தாங்கிக்கொண்டு வெட்டுங்கள்.

அத்திவாரத்துக்கு 4 அடி தோண்டோணுமாமே, உண்மையோ?

ரொறன்ரோப் பக்கம் வீட்டு அத்திவாரங்களை 1.2 மீற்றர், அதாவது 4 அடி ஆழத்துக்குக் கொண்டுபோவது வழமை. நிலம் அந்த ஆழம்வரை உறையலாம் என்பதற்காக. ஈரக் களிமண் உறைந்தால் மேலே இருப்பதைத் தூக்கும், வசந்தத்தில் உருகிக் கீழே விடும். ஒரு பக்கம் தூக்கி மறுபக்கம் தூக்காவிட்டால் குமிழ் பிளக்கும்.

போறணைக்கு நான் 4 அடி தோண்டவில்லை. மண்ணை 10 அங்குலம் எடுத்து, உடைகல் போட்டு அடித்து இறுக்கி, அதன்மேல் கம்பி வைத்து 6 அங்குலக் கொங்கிறீட் தட்டு ஒன்று. தண்ணீர் தேங்காமல் வழிந்தோட இடம் இருந்தால் தூக்குவதற்கு ஐஸும் குறைவு. தூக்கினாலும் முழுத் தட்டும் ஒன்றாகத் தூக்கி ஒன்றாக இறங்கும். இதற்கு இரண்டு நிபந்தனை: தட்டு வீட்டுச் சுவரோடோ படியோடோ ஒட்டியிருக்கக்கூடாது, போறணையும் அதன் புகைபோக்கியும் அந்த ஒரே தட்டிலேயே நிற்க வேண்டும். இந்த ஒரு வேலையை மட்டும் குளிருக்கு முன்பே முடித்துவிடுங்கள். உறைந்த நிலத்தின்மேல் ஊற்றிய கொங்கிறீட், நிலம் உருகும்போது சரியும். தோண்டுவதற்கு முன் ஒன்ராறியோ வன் கோல் என்ற சேவைக்கு அழைக்க வேண்டும், அது சட்டம். காஸ், மின்சாரக் குழாய் எங்கே போகிறதென்று காசில்லாமல் வந்து அடையாளம் போட்டுவிட்டுப் போவார்கள்.

கூடாரம் அடிச்சு உள்ளுக்கு ஹீற்றர் வைச்சா எந்தக் குளிரிலயும் கட்டலாம்தானே?

கட்டலாம். அந்த 38 கல்லுக்குப் பிறகு மிச்சக் குமிழை நான் அப்படித்தான் கட்டினேன். இரண்டுக்கு நாலு அங்குல மரத்தில் ஒரு சட்டம், சுற்றிவரத் தடித்த பொலித்தீன், மேலே சரிவாகத் தறப்பாள். சரிவு இல்லாவிட்டால் ஒரே இரவுப் பனி உங்கள் குமிழின்மேல் குந்தும். உள்ளே ஒரு மின்சார ஹீற்றர். தரையிலும் குமிழுக்குப் பக்கத்திலும் இரண்டு வெப்பமானி. கல் முழுக்கச் சூடேற ஒரு நாள் பிடிக்கும், ஆகவே முதல்நாளே ஹீற்றரைப் போடவேண்டும். வைத்து முடித்தபின் குறைந்தது மூன்று நாள் அணைக்கக்கூடாது. மின்சாரக் கட்டணத்தைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை, மனைவியும் இதை வாசிப்பார்.

புரொப்பேன் ஹீற்றரைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். மூடிய இடத்தில் எரிந்தால் காபனோரொட்சைட்டு சேரும். மணமில்லை, நிறமில்லை, தலையிடி வந்து நீங்கள் யோசிப்பதற்குள் கால் மடங்கும். போதாக்குறைக்கு அந்தப் புகையில் உள்ள காபனீரொட்சைட்டு புதிய சீமெந்தின் மேற்பரப்பை மாவாக்கிவிடும்.

அன்டிஃபிரீஸ் மருந்து கலந்தா உறையாது எண்டு கடைக்காரர் சொன்னார்?

சாந்துக்கு அப்படி விற்கிற மருந்துகளில் அனேகம் இறுகும் வேகத்தைக் கூட்டுபவைதான், தண்ணீர் உறைவதைத் தடுப்பவை அல்ல. கல்சியம் குளோரைட்டு கலந்தது என்றால் இரும்பை அரிக்கும், கல்லில் வெள்ளை உப்புப் பூக்கும். நெருப்புப் படும் சாந்துக்குள் அதை நான் போடமாட்டேன். தண்ணீரைச் சூடாக்குவது நல்ல வழி. ஆனால் 60 பாகைக்கு மேலே வேண்டாம். கொதிதண்ணீரை நேரே சீமெந்தில் ஊற்றினால் வாளிக்குள்ளேயே கட்டிபடும். முதலில் மணலோடு கலந்து பிறகு சீமெந்தைப் போடுங்கள்.

ஃபயர் பிறிக்தான் வேணுமோ? ஊரில சிவப்புக் கல்லில கட்டினவைதானே?

கட்டினார்கள்தான், பாணும் சுட்டார்கள். நன்றாகச் சுட்ட, ஓட்டையில்லாத களிமண் கல் குமிழுக்குத் தாங்கும். ஊர்ப் போறணை நாள்தோறும் எரியும், அதனால் முழுதாய் ஆறுவதே இல்லை. இங்கே எங்கள் போறணை இரண்டு கிழமை மைனஸ் 15 இல் கிடந்துவிட்டு ஒரே பின்னேரம் 450 பாகைக்கு ஏறும். அந்த ஏற்ற இறக்கத்துக்கு, சூடு தாங்கவென்றே செய்த ஃபயர் பிறிக் மேல். காசு இறுக்கம் என்றால் தளத்துக்கு மட்டுமாவது ஃபயர் பிறிக் போடுங்கள். 9 அங்குல நீளம், நாலரை அகலம், இரண்டரைத் தடிப்பு வழமையான அளவு. எனக்கு உள்விட்டம் 36 அங்குலப் போறணைக்கு உடைந்ததும் சேர்த்து ஏறக்குறைய 190 கல் போனது.

சாந்துக் கலவை என்ன? சும்மா மேசன் சாந்து காணாதோ?

வெறும் சீமெந்தும் மணலும் சூட்டில் நாளடைவில் பொடியும். வீட்டில் கட்டுகிறவர்கள் கனகாலமாகப் பாவிக்கிற கணக்கு: மணல் 3, சீமெந்து 1, சுண்ணாம்பு 1, ஃபயர் கிளே (சூடு தாங்கும் களி) 1, எல்லாம் கொள்ளளவில். சூட்டில் சீமெந்து தளர்ந்தாலும் சுண்ணாம்பும் களியும் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் இதன் சூட்சுமம்.

வாளியில் வரும் வெப்பந்தாங்கிச் சாந்து, அச்சில் ஊற்றும் கலவை இவற்றில் கல்சியம் அலுமினேற்று சீமெந்து இருக்கும். ஒரு நாளிலேயே பெரும்பகுதிப் பலம் வந்துவிடும் என்பது குளிருக்கு வசதிபோலத் தெரியும். ஆனால் அதைக் குளிரில் ஆறவிட்டால் உள்ளே அடர்த்தியான ஒரு வகைப் படிகம் உருவாகி, ஆவி வெளியேற வழி அடைபடும். முதல் நெருப்பில் துண்டுதுண்டாகத் தெறிப்பது அதனால்தான். அந்தச் சாமான் பாவிப்பதென்றால் கூடாரத்துக்குள் 20 பாகைக்கு மேலே வைத்திருங்கள்.

வாசல் எவ்வளவு உயரம் வைக்கிறது?

குமிழின் உள்ளுயரத்தில் 63 வீதம். உள்ளுயரம் 18 அங்குலம் என்றால் வாசல் 11 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. இதைவிடக் கூடினால் சூடு ஓடும், குறைந்தால் புகை திணறும்.

கட்டி முடிஞ்சுது. பெடியள் பீட்சா எண்டு நிக்கிறாங்கள். இண்டைக்கு மூட்டலாமோ?

வேண்டாம். கட்டினதைவிடப் பொறுமை வேண்டியது இங்கேதான். இவ்வளவு நேரமும் தண்ணீர் உறைவதைப் பற்றிப் பேசினோம். இப்போது அதே தண்ணீர் கொதிப்பதைப் பற்றி யோசியுங்கள். கல்லுக்கும் மூட்டுக்கும் உள்ளே லீற்றர் கணக்கில் ஈரம் இருக்கிறது. ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 லீற்றர். மெல்ல வெளியே போக நேரம் கொடுக்காவிட்டால் அது தன்வழியைத் தானே உடைத்துக்கொள்ளும்.

குமிழ் முடிந்தபின் ஒரு கிழமையாவது கூடாரத்தைக் கழற்றாமல் விட்டேன். பிறகு மூன்று நாள் உள்ளே ஒரு சின்ன மின்சார ஹீற்றரை மட்டும் வைத்து இளஞ்சூடு காட்டினேன். அதற்குப் பிறகுதான் விறகு, அதற்கு முன் கூடாரத்தைக் கழற்றிவிட வேண்டும். முதல்நாள் விரல் தடிப்புச் சுள்ளிகளில் 150 பாகை, ஐந்தாறு மணித்தியாலம். அடுத்தநாள் 175, பிறகு 200, 230, 260. ஒவ்வொரு நாளும் 25 அல்லது 30 பாகைதான் ஏற்றம். முதல்நாள் வாசல் வளைவின் வெளிப்பக்கத்தில் தண்ணீர் கோடுகோடாக வழிந்து, கீழே ஒழுகின இடத்தில் ஐஸாகித் தொங்கியது. உள்ளே நெருப்பு, வெளியே ஐஸ். மகள் எடுத்த அந்தப் படத்தைத்தான் எல்லாருக்கும் காட்டுகிறேன்.

ஈரம் போய்விட்டதா என்று பார்க்க ஒரு வழி: இளஞ்சூட்டில் இருக்கும்போது வாசலை ஒரு கண்ணாடியால் மூடி இரவு விடுங்கள். காலையில் உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் இரண்டு சின்ன நெருப்பு வேண்டும்.

ஐயோ, வெடிப்பு வந்திட்டுது! இடிக்கோணுமோ?

மயிர் வெடிப்பு எல்லாப் போறணையிலும் வரும். சூட்டில் கல் விரியும், ஆறச் சுருங்கும், எங்கேயாவது ஒரு இடத்தில் அது மூச்சு விடவேண்டும். ஆறினபிறகு ஒரு நாணயம் உள்ளே போகுமளவுக்கு இடைவெளி நின்றாலோ, ஒரு கல் மற்றதைவிட இறங்கினாலோதான் யோசிக்க வேண்டும். மூட்டைச் சுரண்டப் பொடியாக உதிர்ந்தால் அது வெடிப்பு இல்லை, மேலே சொன்ன புட்டு மா. அந்தப் பகுதியைக் கழற்றித்தான் ஆகவேண்டும், மேலே பூசி மறைக்காதீர்கள்.

மைனஸ் 20 இல பத்த வைச்சா சூடேறுமோ?

கணக்குப் போட்டுப் பாருங்கள். கோடையில் 20 பாகையிலிருந்து 400 க்கு ஏற 380 வேண்டும். மைனஸ் 20 இலிருந்து என்றால் 420. பத்தில் ஒரு பங்கு கூட, அவ்வளவுதான். தொடக்கத்தில் அரை மணித்தியாலம் சின்ன நெருப்பாக வைத்திருந்து பிறகு விறகைக் கூட்டுங்கள். உறைந்த கல்லில் எடுத்தவுடன் பெருநெருப்பு கூடாது.

இந்தக் கணக்குச் சூடுகாப்பு இருந்தால்தான் செல்லும். தளத்துக்குக் கீழே 2 அங்குலக் கல்சியம் சிலிக்கேற்றுப் பலகை, குமிழுக்கு மேலே 3 அங்குல செராமிக் போர்வை. அந்தப் போர்வையின் தும்பு நுரையீரலுக்குக் கூடாது, முகமூடியும் நீளக்கை உடுப்பும் வேண்டும். தளத்துக்குக் கீழே வைக்காமல் விட்டவர்களுக்கு அந்தக் கொங்கிறீட் தட்டு முழுச் சூட்டையும் குடித்துவிடும். பிறகு திருத்தவும் முடியாது.

என்ன விறகு நல்லம்?

மேப்பிள், ஓக், ஆஷ். ஒன்ராறியோவில் ஆஷ் மரங்களைப் பச்சை வண்டு தின்றுவிட்டதால் பட்ட ஆஷ் விறகு நிறைய. தூர இடத்திலிருந்து ஏற்றிக்கொண்டு வராதீர்கள், வண்டும் கூடவே வரும். எரிக்கும் விறகில் ஈரம் 20 வீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும். மருந்தேற்றிய பலகை, பெயின்ற் அடித்த பலகை சாப்பாட்டு நெருப்புக்கு ஆகாது. பனை ஊமலும் கொக்காரையும் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

சிற்றிக்காரர் வந்து பிடிக்கமாட்டினமோ?

நகருக்கு நகர் சட்டம் வேறு. ரொறன்ரோ நகரம் பின்வளவில் திறந்த நெருப்பு எரிப்பதை அனுமதிப்பதில்லை. போறணையை அதில் எப்படிக் கணக்கெடுப்பார்கள் என்பதை உங்கள் நகரத் தீயணைப்புப் பகுதியிடம் கட்டுவதற்கு முன் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். வேலியிலிருந்து எவ்வளவு தூரம் என்றும் அவர்களே சொல்வார்கள். வீட்டுக் காப்புறுதிக்காரருக்கும் ஒரு சொல்.

போன வருசம் நல்லா எரிஞ்சது. இந்த ஏப்ரலில எவ்வளவு விறகு போட்டாலும் ஏறுதில்லை, ஏன்?

கேட்டவருடைய போறணையைப் போய்ப் பார்த்தேன். மேலே கூரை இல்லை. பனி குமிழில் கிடந்து உருகி, பூச்சு வெடிப்பால் இறங்கி, செராமிக் போர்வை முழுக்க ஊறிப்போய்க் கிடந்தது. ஈரப் போர்வை சூட்டைத் தடுக்காது. நீங்கள் போடும் விறகு அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கத்தான் செலவாகும். பெருநெருப்பு மூட்டினால் பூச்சு தெறிக்கும். முதல் நெருப்புக்குச் சொன்ன அதே படிகளை மறுபடி செய்யச் சொன்னேன், நாலு நாளில் சரிவந்தது. பிறகு தகரக் கூரை போட்டார். தறப்பாளால் இறுக்கிச் சுற்றிக் கட்டுவது கூரைக்கு ஈடல்ல, உள்ளே வியர்த்து அழுகும்.

பாண் எப்ப தள்ளுறது எண்டு எப்பிடித் தெரியும்?

பீட்சாவுக்குத் தளம் 400 ஐத் தாண்ட வேண்டும், இரண்டு நிமிடத்தில் வெளியே வரும். பாணுக்கு அந்தச் சூடு கரியாக்கும். தணலை வழித்து, துடைத்து, கதவைச் சாத்தி, 250 அளவுக்கு இறங்கவிடுங்கள். வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை மாவைத் தளத்தில் எறியுங்கள். போட்டவுடன் கறுத்தால் பொறுங்கள், மெல்ல எண்ணி இருபது வரும்போது பொன்னிறமானால் தள்ளுங்கள்.

என்னுடைய முதல் பாண் அடி கருகி, நடு வேகாமல் வந்தது. மாமி அதைப் பார்த்துவிட்டு, சம்பல் இடித்தது வீணாய்ப் போகக்கூடாதென்று கருகலை வெட்டியெறிந்து மிச்சத்தைச் சாப்பிட்டார். இப்போது சனி பீட்சா, இரவு பாண், அதற்குப் பிறகு ஒரு சட்டி ஆட்டிறைச்சி உள்ளே விடிய விடிய. ஞாயிறு மத்தியானம் சூடு 100 க்குக் கீழே வந்ததும், அடுத்த கிழமைக்கான விறகை உள்ளே அடுக்கி, காயவென்று கதவைச் சாத்துகிறேன்.